பிள்ளைகளோடு அருவிக்கும் குளத்துக்கும் காட்டுக்கும்: நெல்லைச் சீமைக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மேற்கே பொதிகை மலை, நடுவே தாமிரபரணி, கிழக்கே வரிசையாகக் குளங்கள் என்று அமைந்த சீமையில் வாழும் நமக்கு, விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துச் செல்ல இடத்துக்குப் பஞ்சமில்லை. தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டாலும், கட்டுச்சோறு கட்டிக்கொண்டு புறப்படும் குடும்பம் மாவட்ட எல்லையைப் பார்ப்பதில்லை என்பதால், இங்கே இரண்டு மாவட்டங்களையும் சேர்த்தே பேசுகிறேன். எந்த இடத்துக்குப் போவது என்று முடிவு செய்வதற்கு முன், அங்கே இன்றைக்குத் தண்ணீர் எப்படி இருக்கிறது, நம்மோடு வருகிற மிகச் சிறிய பிள்ளைக்கு அது ஒத்துவருமா என்ற இரண்டையும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கீழுள்ள பதில்கள் எல்லாம் அந்த எண்ணத்திலிருந்தே எழுதப்பட்டவை.

எங்கள் வீட்டில் நான்கு வயதுப் பிள்ளையும் இருக்கிறது, எழுபது வயது ஆச்சியும் இருக்கிறார். திருநெல்வேலியிலிருந்து ஒரே நாளில் போய்வர எந்த இடம் ஏற்றது?

குளிக்க வேண்டும் என்றால் பாபநாசம் அகத்தியர் அருவியைச் சொல்வேன். மற்ற அருவிகள் வறண்டு கிடக்கும் மாதங்களிலும் இங்கே தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும். அருவிக்கு மிக அருகில் வரை வாகனம் போகும். குளிக்கும் இடத்தில் கம்பித் தடுப்பு உண்டு. அம்பாசமுத்திரம் வரை ரயிலிலோ பேருந்திலோ வந்து, அங்கிருந்து பாபநாசத்துக்குப் பேருந்து பிடிக்கலாம். அருவி வனத்துறைச் சோதனைச்சாவடிக்கு உள்ளே இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுவது நல்லது. அருவிக்கு மேலே உள்ள கல்யாண தீர்த்தம் ஆழமான தடாகம். அதைப் பார்த்துவிட்டு வரலாமே தவிர, தண்ணீரில் இறங்கக் கூடாது.

குளியல் வேண்டாம், பார்த்து மகிழ்ந்தால் போதும் என்றால், தை முதல் வைகாசி வரை கூந்தன்குளத்துக்கு ஈடான இடம் இந்தச் சீமையில் இல்லை. அதைப் பற்றித் தனியாகவே கீழே எழுதியிருக்கிறேன்.

எந்த மாதத்தில் எங்கே போகலாம்?

நமக்கு இரண்டு மழைக்காலங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மலையில் பெய்யும். அப்போது சமவெளியில் வெயிலும் காற்றுமாக இருக்கும், குற்றாலத்தில் சாரல் அடிக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை மலையிலும் ஊரிலும் சேர்ந்து பெய்யும். குளங்கள் பெருகுவது பெரும்பாலும் இந்த மழையில்தான். ஆகையால் அருவிக்கு ஜூலையும் ஆகஸ்டும், குளங்களுக்கும் பறவைகளுக்கும் ஜனவரி முதல் மே வரையும், ஆற்றங்கரைக்கு ஜனவரி முதல் மார்ச் வரையும் பொருத்தமான காலங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பிள்ளைகளோடு அருவிக்குப் போவதை நான் பரிந்துரைப்பதில்லை. அப்போது அருவியில் தண்ணீர் நிறைய இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த மழை சில மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடும் இயல்புடையது, அதனால் வெள்ளமும் திடீரென்றே வரும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது; காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது, தாமிரபரணி கரைகடந்து ஊருக்குள் புகுந்தது.

சீசன் நேரத்தில் குற்றாலத்துக்குச் சிறு பிள்ளைகளை அழைத்துச் செல்வது பாதுகாப்பானதா?

பாதுகாப்பானதுதான், எந்த அருவி, எந்த நேரம் என்பதில் கவனம் இருக்க வேண்டும். பேரருவியில் விழும் தண்ணீர் மேலிருந்து நேரே நம் தலைக்கு வருவதில்லை. நடுவில் பொங்குமாங்கடல் என்ற ஆழமான பள்ளத்தில் விழுந்து, அங்கே வேகம் தணிந்து, பிறகே பொங்கி வழிந்து கீழே இறங்குகிறது. அவ்வளவு உயரத்திலிருந்து வரும் நீரின் அடியில் மனிதர்கள் நின்று குளிக்க முடிவதற்கு அந்தப் பள்ளமே காரணம். மலையில் மழை கூடினால் அது தணிக்கும் அளவையும் மீறித் தண்ணீர் வரும். அருவியின் முன்னால் கட்டப்பட்டுள்ள பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழத் தொடங்கும். அந்த நேரத்தில் காவல்துறையினர் குளிக்கத் தடை விதிப்பார்கள். தூரத்திலிருந்து வந்துவிட்டோமே என்று அவர்களிடம் கெஞ்சுவதையும், தடையில்லாத ஓடை எங்காவது இருக்கிறதா என்று தேடிப் போவதையும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பேரருவியையும் ஐந்தருவியையும் விடப் புலியருவியும் சிற்றருவியும் ஏற்றவை. உயரம் குறைவு, பிள்ளைகள் தண்ணீரைக் கண்டு மிரளாமல் தாமாகவே முன்னால் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமையும் ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களும் கூட்டத்தால் மூச்சுத்திணறும் நாட்கள், அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். வார நாளில் விடியற்காலையில் போய் எட்டு மணிக்குள் குளித்து முடித்துவிட்டால், வரிசையும் இல்லை, நெரிசலும் இல்லை. கூட்டத்தில் பிள்ளை கைதவறிப் போவது வெள்ளத்தைவிட அடிக்கடி நடக்கிற ஒன்று. ஆகவே பிள்ளையின் சட்டைப் பையில் பெற்றோரின் கைபேசி எண்ணை எழுதி, பிளாஸ்டர் ஒட்டிய தாளாகப் போட்டுவையுங்கள். குளிக்கும்போது சட்டை கழற்றப்படும் என்பதால் பேனாவால் முன்கையிலும் எழுதிவிடுங்கள்.

தேனருவிக்குப் பொதுமக்கள் செல்ல அனுமதி இல்லை. வழிகாட்டுகிறேன் என்று யாராவது அழைத்தாலும் போக வேண்டாம்.

அருவியிலோ ஓடையிலோ வெள்ளம் வரப்போவதை முன்கூட்டியே அறிய முடியுமா?

பெரும்பாலும் முடியும், ஆனால் கிடைக்கிற அவகாசம் மிகக் குறைவு. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளத்தில் 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். அது சீசன் தொடங்காத கோடைக்காலம். மேலே மலையில் பெய்த மழை கீழே வெள்ளமாக இறங்கியது. நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மலையுச்சியில் கருக்கல் கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதை அந்த நாள் எல்லோருக்கும் உணர்த்தியது.

கவனிக்க வேண்டிய அறிகுறிகளை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் தண்ணீரின் நிறம் மாறும்: கண்ணாடி போல இருந்தது கலங்கி, பிறகு செம்மண் நிறத்துக்கு வரும். அதோடு சருகு, சுள்ளி, பச்சை இலைகள் மிதந்து வரத் தொடங்கும். காய்ந்த சருகு எப்போதும் வருவதுதான், புதிதாக ஒடிந்த பச்சைக் கொப்பு வந்தால் அது மேலே எங்கோ ஓடை கரையைத் தொட்டுவிட்டதற்கான அடையாளம். அடுத்து ஓசை. சீராகச் சலசலத்துக்கொண்டிருந்த ஓடையில் உருளைக்கற்கள் ஒன்றோடொன்று மோதும் அடித்தொண்டை ஓசை கேட்கும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் துணி, செருப்பு, பாத்திரம் எதையும் எடுக்க நிற்காமல், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் மேட்டில் ஏற வேண்டும். ஓடைப் போக்கிலேயே கீழ்நோக்கி ஓடக் கூடாது, வாகனம் எதிர்க்கரையில் நிற்கிறது என்று ஓடையைக் குறுக்கே கடக்கவும் கூடாது.

போய் இறங்கியதும் கரையோரப் பாறை ஒன்றில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்த்துவைத்துக்கொண்டு, அவ்வப்போது அதைக் கவனிக்கும் வேலையைப் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் ஒப்படைக்கலாம். அந்த வயதில் பிள்ளைகள் இத்தகைய பொறுப்பைப் பெரியவர்களைவிட உண்மையாகச் செய்வார்கள்.

தாமிரபரணியில் குளிக்கலாமா? கசம் என்கிறார்களே, அது என்ன?

படித்துறை உள்ள இடத்தில், உள்ளூர்க்காரர்கள் குளிக்கும் நேரத்தில், படியை விட்டு விலகாமல் குளிக்கலாம். கசம் என்பது ஆற்றுக்குள் உள்ள ஆழமான பள்ளம். மேலிருந்து பார்த்தால் சலனமில்லாமல், குளிக்க மிகவும் வசதியான இடமாகத் தெரியும். ஓரத்தில் முழங்கால் அளவு இருந்த தண்ணீர் அடுத்த அடியில் ஆளை மூழ்கடிக்கும். ஆற்று வளைவின் வெளிப்புறக் கரையிலும், பாலத் தூண்களின் அடியிலும், தடுப்பணைகளுக்குக் கீழேயும், மணல் அள்ளப்பட்ட இடங்களிலும் கசம் இருக்கும். எங்கே இருக்கிறது என்பது அந்தந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஆகவே புதிய இடத்தில் இறங்குவதற்கு முன் துணி துவைத்துக்கொண்டிருக்கும் ஒரு பெரியவரிடம், ‘அம்மா, இங்க பிள்ளைகள் எதுவரைக்கும் இறங்கலாம்?’ என்று கேட்டுவிடுங்கள். எந்த அறிவிப்புப் பலகையும் அவர் சொல்லும் பதிலுக்கு ஈடாகாது.

கன்னடியன், அரியநாயகிபுரம், சுத்தமல்லி போன்ற பழைய தடுப்பணைகளின் மீது நீர் வழிந்தோடும் காட்சி அழகானது. ஆனால் அந்தக் கற்கள் மீது படர்ந்திருக்கும் பாசியில் பெரியவர்களுக்கே கால் நிற்காது. வழிந்து விழும் நீர் கீழே சுழலும். அந்தச் சுழலில் அகப்பட்டவரை அது மேலே வரவிடாமல் திரும்பத் திரும்பக் கீழே இழுக்கும். அணையின் மேல் பிள்ளைகளை நடக்கவிடாதீர்கள்.

பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளிலிருந்து நீர் திறக்கும் நாட்களில் கரையோர மக்களுக்கு முன்னறிவிப்பு வரும். செய்தித்தாளில் தினமும் வெளியாகும் அணை நீர்மட்டத்தையும் பாருங்கள். பாபநாசத்தின் முழுக்கொள்ளளவு 143 அடி, மணிமுத்தாறுக்கு 118 அடி. மழைக்காலத்தில் மட்டம் இந்த எண்ணை நெருங்கிவிட்டால் அந்த வாரம் ஆற்றில் இறங்குவதை விட்டுவிடலாம்.

கூந்தன்குளத்தில் என்ன பார்க்கலாம்? பிள்ளைகளுக்குச் சலிப்பாக இருக்காதா?

நாங்குநேரி வட்டாரத்தில், திருநெல்வேலியிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் இந்தக் குளம் 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது; 2022இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. மணிமுத்தாற்றுக் கால்வாய்த் தண்ணீர் இங்கே வருகிறது. தண்ணீர் நன்றாக வந்த ஆண்டில் பறவைகளும் நிறைய வரும், வராத ஆண்டில் குளம் வெறிச்சோடிக் கிடக்கும். ஆகவே புறப்படுமுன் குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

மற்ற சரணாலயங்களில் பறவை எங்கோ தூரத்தில் புள்ளியாகத் தெரியும், பிள்ளைகளுக்குப் பத்து நிமிடத்தில் அலுத்துவிடும். இங்கே அப்படியில்லை. மஞ்சள் மூக்கு நாரைகள் ஊருக்குள் தெருவோரத்து வேம்பிலும் புளியிலும் கூடு கட்டுகின்றன. வீட்டுத் திண்ணையிலிருந்து அண்ணாந்து பார்த்தால், வெயில் ஏறும் நேரத்தில் தாய் நாரை தன் இறக்கைகளை அகல விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுத்து நிற்பதைக் காணலாம். இரை கொண்டு வரும் நாரை அதை வாயில் ஊட்டிவிடாமல் கூட்டின் நடுவில் கக்கிவிடும். குஞ்சுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பொறுக்கித் தின்னும். ஒரு மீன் தவறிக் கீழே விழுந்தால் மரத்தடியில் காத்திருக்கும் பூனைக்கோ காகத்துக்கோ அது விருந்து. இதைப் பார்த்த பிள்ளைகள் அங்கிருந்து கிளம்ப மறுப்பார்கள்.

குளத்துக்குள் கூழைக்கடா, கரண்டிவாயன், பாம்புத்தாரா, அரிவாள் மூக்கன் ஆகியவற்றைப் பார்க்கலாம். பூநாரைகள் வரும் ஆண்டும் உண்டு. இமயமலைக்கு அப்பாலிருந்து மலையைத் தாண்டிப் பறந்து வரும் வரித்தலை வாத்துகளும் குளிர்காலத்தில் இங்கே தங்குகின்றன. தலையின் பின்புறம் இரண்டு கருப்புக் கோடுகள் இருப்பதைக் கொண்டு பிள்ளைகளே அடையாளம் கண்டுவிடுவார்கள்.

இந்த ஊர் மக்கள் பறவைகள் மிரளும் என்பதால் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சுகளை எடுத்துக் காப்பாற்றுகிறார்கள். பறவைகளின் எச்சம் கலந்த குளத்து நீர் வயலுக்கு நல்ல உரம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அவர்களுடைய வீட்டு வாசலில் நின்றுகொண்டுதான் நாம் பறவை பார்க்கிறோம். ஆகவே ஹார்ன் அடிக்காமல், பாட்டுப் போடாமல், கூட்டின் அருகே கைபேசியை நீட்டாமல் நடந்துகொள்வது நம் கடமை. காலை ஆறு மணி முதல் ஒன்பது வரையும், மாலை நான்கு மணிக்கு மேலும் நல்ல நேரம். நாரை நிற்கும் மரத்தடியில் நின்றால் தலைக்குத் தொப்பி அவசியம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் பக்கத்தில் எங்கே போகலாம்?

திருநெல்வேலி டவுன் நயினார்குளத்தில் கூழைக்கடாக்களையும் நீர்க்காகங்களையும் பேருந்து போகும் சாலையிலிருந்தே பார்க்கலாம். புதிய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் வேய்ந்தான்குளம் இருக்கிறது. அம்பாசமுத்திரம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு வாகைக்குளம். தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் நத்தைக்குத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் அடையும் மாலைக் காட்சி மிகச் சிறப்பு. நம் ஊர்க் குளங்களைக் குப்பை கொட்டும் பள்ளமாகப் பார்த்துப் பழகிவிட்டோம். அதே குளத்தின் கரையில் ஒரு மாலை அரை மணி நேரம் உட்கார்ந்தால் நாமக்கோழி, முக்குளிப்பான், நீலத் தாழைக்கோழி, இரண்டு மூன்று வகை மீன்கொத்தி ஆகியவற்றைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிடலாம்.

தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. தன்னார்வலர்களாக மாணவர்களும் கலந்துகொள்கிறார்கள். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட, பறவைகளில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு இதைவிட நல்ல பொங்கல் விடுமுறையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

களக்காடு, முண்டந்துறை, மாஞ்சோலைக்குப் போக அனுமதி வேண்டுமா?

வேண்டும். களக்காடு முண்டந்துறை 1988இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு. இதன் சாலைகள் எல்லாவற்றிலும் சோதனைச்சாவடி உண்டு. பாபநாசம் சாவடியைத் தாண்டிக் காரையாறு, சொரிமுத்து அய்யனார் கோவில் பக்கம் போகிறவர்களின் வாகனத்தைச் சோதித்து, பிளாஸ்டிக், மது ஆகியவற்றை எடுத்துவிட்டே உள்ளே அனுப்புவார்கள். மாலைக்குள் வெளியே வந்துவிட வேண்டும். மணிமுத்தாறு அருவிக்கும் மாஞ்சோலைக்கும் செல்ல மணிமுத்தாறு சாவடி வழி. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று மேலே போகப் போகக் குளிரும் மழையும் கூடும்; தமிழ்நாட்டிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களில் நாலுமுக்கும் ஊத்தும் அடங்கும். தனியார் வாகனங்களில் செல்ல வனத்துறையின் முன் அனுமதி பெற வேண்டும், ஒரு நாளில் குறைந்த எண்ணிக்கையிலேயே வாகனங்களை விடுவார்கள்.

மழை, யானை நடமாட்டம், காட்டுத்தீ அபாயம் ஆகியவற்றைப் பொறுத்து இந்த விதிகள் அடிக்கடி மாறும். சில சமயம் முழுவதுமாகவே மூடிவிடுவார்கள். சென்ற மாதம் போய் வந்தவர் சொன்னதை நம்பிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சாவடி வரை போய் ஏமாறாமல், முதல் நாளே அம்பாசமுத்திரம் அல்லது களக்காடு வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

களக்காடு தலையணை, சிறு பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு நல்ல இடம். காட்டின் நிழலில், தடுப்பணையில் தேங்கி ஓடும் குளிர்ந்த நீர். மழைக்காலத்தில் இங்கும் வெள்ளம் வரும் என்பதால் தடை விதிப்பார்கள். திருக்குறுங்குடிக்கு மேலே மலைநம்பி கோவிலுக்குப் போகும் பாதையும் இந்தக் காட்டுக்குள்தான் இருக்கிறது. நடக்கக்கூடிய பிள்ளைகளுக்கு அது நல்ல அனுபவம், வழியெல்லாம் நம்பியாற்றின் ஓசை துணைக்கு வரும்.

பிள்ளைகள் காட்டு வழியில் எவ்வளவு தூரம் நடப்பார்கள்?

ஐந்து, ஆறு வயதுப் பிள்ளை சமதளத்தில் இரண்டு கிலோமீட்டர் மகிழ்ச்சியாக நடக்கும். ஏற்றமென்றால் அதில் பாதி. பத்து வயதுக்கு மேல் ஐந்து கிலோமீட்டர் வரை போகலாம். திரும்பி வரும் தூரத்தையும் சேர்த்தே இதைச் சொல்கிறேன். பிள்ளை களைத்த பிறகு திரும்பினால் மீதிப் பாதையை அப்பாவின் தோளில்தான் கடக்க வேண்டியிருக்கும். கூட்டத்தில் மெதுவாக நடக்கும் பிள்ளையை முன்னால் விட்டு, அதன் வேகத்துக்கு மற்றவர்கள் நடப்பது நல்ல வழக்கம். ஒரு பெரியவர் முதலிலும் ஒருவர் கடைசியிலும் இருக்க வேண்டும்.

வனத்துறையின் அனுமதி இல்லாமல் காட்டுக்குள் நடைபயணம் போவது சட்டப்படி குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைபயணம் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கிப் பலர் உயிரிழந்த பிறகு விதிகள் கடுமையாக்கப்பட்டன. இப்போது ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் அரசே இணையவழி முன்பதிவோடு நடைபாதைகளைத் திறந்திருக்கிறது. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கிய இந்தத் திட்டத்தில் நம் பகுதிப் பாதைகளும் உண்டு; பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் உடன் வருவார்கள். எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருப்பதால், பிள்ளைகளோடு போகிறவர்கள் எளிய பாதையை மட்டும் தேர்ந்தெடுத்து, வயது விதியைப் படித்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். கோடையில் தீ அபாயம் உள்ள வாரங்களில் பாதைகளை மூடிவிடுவார்கள்.

யானை, கரடி, குரங்கு எதிரில் வந்தால் என்ன செய்வது?

இது அகத்தியமலை யானைகள் காப்பகமும் கூட. யானை அதன் வீட்டில் இருக்கிறது. சாலையில் யானை நின்றால் வாகனத்தை நிறுத்தி, நல்ல தூரம் விட்டு, ஹார்ன் அடிக்காமல், விளக்கை மின்னவிடாமல் காத்திருங்கள். அது தானாகவே விலகும். படம் எடுக்க இறங்குவது உயிரைப் பணயம் வைப்பதாகும். கரடியும் சிறுத்தையும் மலையடிவார ஊர்களுக்கே வந்துபோகும் என்பதால், மாலை ஐந்து மணிக்கு மேல் பிள்ளைகளைத் தனியாக ஓடையோரமோ புதர்ப் பக்கமோ விடக் கூடாது.

குரங்குதான் உண்மையில் குடும்பங்களுக்கு அதிகம் தொல்லை தருவது. அதற்குக் காரணம் நாமே. பாபநாசத்திலும் குற்றாலத்திலும் பிள்ளைகள் கையில் முறுக்கையும் வாழைப்பழத்தையும் கொடுத்துக் குரங்குக்குப் போடச் சொல்லி மகிழ்கிறோம். அதே குரங்கு அடுத்த பிள்ளையின் கையிலிருந்து பிடுங்குகிறது. பிடுங்கினால் எதிர்த்து இழுக்காமல் விட்டுவிடச் சொல்லுங்கள். கடித்தாலோ கீறினாலோ சோப்பு நீரால் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.

அட்டை, பாம்பு பற்றிய பயம்?

அட்டைக்குப் பயப்பட ஒன்றுமில்லை. மழைக்காலத்தில் மாஞ்சோலைப் பக்கம் சருகின் மேல் நூல்போல நிமிர்ந்து நின்று, தலையை ஆட்டி நம் வாசனையைத் தேடும். பிறகு சாண் போட்டு அளப்பது போல வளைந்து வளைந்து காலை நோக்கி வரும். ஏறிவிட்டால் பிய்த்து இழுக்காமல் சிறிது உப்பு வைத்தால் விழுந்துவிடும். ரத்தம் கொஞ்ச நேரம் கசியும், துடைத்துக் கட்டினால் போதும். காலுறைக்குள் கால்சட்டையைச் செருகி நடந்தால் பெரும்பாலும் ஏறாது.

பாம்பு கடித்தால், கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது ஆகிய மூன்றையும் செய்யாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், அவரை நடக்கவிடாமல் தூக்கிச் சென்று அரசு மருத்துவமனையில் சேருங்கள். பாம்பைத் தேடிப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை.

சாப்பாடு என்ன கொண்டு போவது?

காலையில் கட்டினால் மாலை வரை கெடாத புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் பயணத்துக்காகவே பிறந்தவை. தயிர்ச்சாதம் கட்டுவதென்றால் பால் ஊற்றிப் பிசைந்து சிறிதே உறைமோர் விடுங்கள், மதியத்துக்குள் புளிக்காது. துணைக்கு நார்த்தங்காய் ஊறுகாயும் மோர்மிளகாயும். தூக்குவாளியிலும் சம்புடத்திலும் கொண்டுபோய் வாழையிலையில் பரிமாறினால் திரும்பி வரும்போது குப்பை என்று எதுவும் மிஞ்சாது. குளிப்பதற்கு முன் பிள்ளைகளுக்கு இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அருவிக் குளியலுக்குப் பிறகு எடுக்கும் பசிக்குக் கட்டுச்சோறு காத்திருக்கட்டும்.

சோப்பு, எண்ணெய், பழைய துணி: இவற்றை ஏன் தடுக்கிறார்கள்?

குற்றால அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்துவதற்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் தடை உள்ளது. பாறையில் படியும் எண்ணெயில் அடுத்தவர் வழுக்கி விழுவது ஒரு பக்கம். அந்தத் தண்ணீர் கீழே குளத்துக்கும் வயலுக்கும் போகிறது என்பது இன்னொரு பக்கம். எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும் என்றால் தங்கும் இடத்தில் தேய்த்து அங்கேயே அலசிவிட்டு அருவிக்கு வாருங்கள்.

பாபநாசத்தில் பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகும் பழக்கம் பரவிவிட்டது. படித்துறையில் தண்ணீருக்குள் காலை வைத்தால் ஈரச் சேலையும் வேட்டியும் காலைச் சுற்றும். நீந்தத் தெரிந்தவரையும் அது சிக்கவைத்துவிடும். மூட்டை மூட்டையாக அள்ளி எடுத்தாலும் அடுத்த அமாவாசைக்குள் மறுபடி சேர்ந்துவிடுகிறது. இந்த ஆறு பல மாவட்டங்களுக்குக் குடிநீர். உங்கள் குடும்பத்தில் மூத்தவர்கள் யாரேனும் அப்படிச் செய்ய நினைத்தால், மரியாதையோடு எடுத்துச் சொல்லி அந்தத் துணியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

படகுச் சவாரி உண்டா?

சீசன் நாட்களில் குற்றாலம் ஐந்தருவிச் சாலையில் உள்ள வெண்ணமடைக் குளத்தில் சுற்றுலாத் துறையினர் படகு விடுகிறார்கள். லைஃப் ஜாக்கெட் பிள்ளையின் அளவுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். தோளைப் பிடித்து மேலே தூக்கினால் அது காதுக்கு மேல் ஏறிவரக் கூடாது. பொருத்தமான அளவு கிடைக்கவில்லையென்றால் அந்தப் பிள்ளையைப் படகில் ஏற்ற வேண்டாம்.

அவசரம் என்றால் யாரை அழைப்பது?

ஆம்புலன்ஸுக்கு 108, பொது அவசர உதவிக்கு 112, வெள்ளம் போன்ற பேரிடருக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, காணாமல் போன பிள்ளை தொடர்பாக 1098. ஆனால் பாபநாசம் சாவடிக்கு மேலேயும் மாஞ்சோலைச் சாலையிலும் பல இடங்களில் கைபேசிக்கு டவர் கிடைக்காது. ஆகவே புறப்படுமுன் எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை ஊரில் ஒருவரிடம் சொல்லிவையுங்கள். உள்ளே ஏதேனும் நேர்ந்தால் டவர் தேடி அலைவதைவிட, அருகிலுள்ள வனத்துறைச் சாவடிக்கோ காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புக்கோ ஒருவரை அனுப்புவது விரைவான வழி.

தண்ணீரில் ஒருவர் தத்தளித்தால் நீந்தத் தெரியாதவர் குதிக்கக் கூடாது. நீந்தத் தெரிந்தவரும் கடைசி வழியாகவே குதிக்க வேண்டும். கரையில் படுத்துக்கொண்டு வேட்டியையோ சேலையையோ முறுக்கி எறியுங்கள், அல்லது மூடிய காலிக் குடத்தை மிதக்கவிடுங்கள். இதற்காகவே பத்து மீட்டர் நைலான் கயிறு ஒன்றை வாகனத்தில் நிரந்தரமாகப் போட்டுவைப்பது நல்லது. வெளியே எடுத்தவரிடம் மூச்சு இல்லையென்றால், வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றுவதில் நேரத்தைப் போக்காமல், உடனே வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து, நெஞ்சின் நடுவில் அழுத்தத் தொடங்க வேண்டும். அதே நேரத்தில் இன்னொருவர் 108ஐ அழைக்க வேண்டும். பிள்ளை சற்று நேரத்தில் தெளிந்து எழுந்து உட்கார்ந்துவிட்டாலும், நுரையீரலில் தண்ணீர் போயிருக்கலாம் என்பதால், அன்றைக்கே மருத்துவமனையில் காட்டிவிடுங்கள்.